நோர்வேயில் படம் பிடித்த ஆள்

சுவரில் கட்டியிருந்த வெள்ளைப் படுக்கை விரிப்பில் நோர்வே மலையொன்று எழுந்து நின்றது. அதன் அடிவாரத்துப் பனியில் நீளக் கோட்டும் தொப்பியுமாக ஒரு நிழல் விழுந்திருந்ததைச் சச்சிதானந்தன் கண்டுவிட்டார்.

ஆம்பிளையேதான். அவருக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. முக்கால் மணி நேரமாக இப்படி ஏதாவது அகப்படாதா என்றுதான் அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

1977ஆம் ஆண்டு, ஓகஸ்ட் மாதத்து ஞாயிறு பின்னேரம். சிட்னியின் லிட்கம் பகுதியில் நித்தியானந்தன் வீட்டுத் திரைச்சீலைகளை இழுத்துவிட்டு, அந்நகரில் அப்போதிருந்த தமிழ்க் குடும்பங்களில் பாதி அந்த இருட்டுக்குள் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தது. புரொஜெக்டரில் சிலைட் படங்கள் காட்டியவள் பவளம். ஆஸ்பத்திரியில் நர்ஸ். நாற்பத்திரண்டு வயது, கலியாணம் செய்யாதவள்.

"கப்பல் இங்கிலாந்தில இருந்து வெளிக்கிட்டது. மே மாதம் அங்க பனி உருகிற காலம், அதுதான் அருவியெல்லாம் இப்பிடிப் பொங்கி விழுது. கடல் மலைக்குள்ள பூந்து போய்க்கொண்டே இருக்கும். ரெண்டு பக்கமும் தண்ணி கொட்டிற சத்தம்தான்."

"இதைப் பாக்க நோர்வேக்குப் போகோணுமே?" என்றார் சச்சிதானந்தன். "பதுளையில துன்கிந்த அருவியில கொட்டிறதும் தண்ணிதானே."

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அது அவருக்குப் போதுமாக இருந்தது.

"என்ர மனிசியும் மே மாதம் வெளிநாடு போனவதான். லண்டனில தங்கச்சிக்கு ஒப்பரேசன் எண்டு ஆறு கிழமை நிண்டு சமைச்சுப் போட்டு வந்தவ. ஒரு குடும்பப் பெண் வெளிநாடு போறது எண்டால் அப்பிடித்தான்."

பக்கத்துக் கதிரையில் யோகா வடைத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு திரையையே பார்த்திருந்தாள். கலியாணமாகிப் பதினெட்டு வருடத்தில் நாலு பேர் நடுவே அவர் சொல்லுக்கு அவள் மறுசொல் சொன்னதில்லை. அதில் அவருக்குப் பெருமை உண்டு.

பவளம் அடுத்த படத்துக்குக் கை வைத்தாள்.

"கொஞ்சம் நிப்பாட்டும், பவளம். எல்லாப் படத்திலயும் நீர் நிக்கிறீர். தனியப் போனதெண்டு சொன்னனீர். அப்ப படம் பிடிச்சது ஆர்?"

"கப்பலில வந்த ஒரு ஆள்."

"அருவியடியிலயும் அந்த ஆள், பனிக்குள்ளயும் அந்த ஆள், அப்பிள் பூத்த தோட்டத்திலயும் அந்த ஆள். நல்ல உபகாரி போல."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. சச்சிதானந்தனுக்குச் சிரிப்பும் தேவைப்படவில்லை. பொங்கல் விழாவில் அவருடைய பேச்சு முடிவதற்குள் பிள்ளைகள் நித்திரையாகிவிட்டார்கள் என்று இவள் கூட்டத்தில் எழுந்து சொன்னாளே, அன்றிலிருந்து அவர் மனதில் ஒரு முள் கிடந்தது.

"தமிழ்ச் சங்கத்தின்ர செயலாளர் எண்ட முறையில கேக்கிறன். ஒவ்வொரு ஞாயிறும் எங்கட பிள்ளையளுக்குத் தமிழ் படிப்பிக்கிற ஆள் நீர். ஆரோ ஒருத்தனோட ஊர் சுத்திப்போட்டு வந்து அவையளுக்கு ஆத்திசூடி சொல்லிக் குடுக்கேலாது. பேரைச் சொல்லும். இல்லாட்டி வாற ஞாயிறு தொட்டு வேற ஆளைப் பாக்கிறம்."

"விடும் சச்சி. அது அவவின்ர சொந்த விசயம்," என்றார் நித்தியானந்தன்.

"ஒழுக்கம் சொந்த விசயமில்லை ஐசே, சங்க விசயம்."

பவளம் புரொஜெக்டரை நிறுத்தினாள். யாரோ எழுந்து லைட்டைப் போட்டார்கள். வெளிச்சத்தில் அவள் கண்கள் கலங்கியிருந்தன. இரண்டு வருடமாக அவள் கட்டி வளர்த்த வகுப்பு அது. வீட்டில் இங்கிலிசிலேயே பதில் சொன்ன பிள்ளைகள், ஊரிலிருக்கும் சொந்தக்காரருக்குத் தமிழில் கடிதம் எழுதத் தொடங்கியிருந்தார்கள்.

"பேர் சொல்லேலாது. வாக்குக் குடுத்திருக்கிறன்," என்றாள். கைப்பையைத் திறந்து, வகுப்பு அலுமாரியின் திறப்பை எடுத்து மேசையில் வைத்தாள். "வகுப்பை எடுக்கிறதெண்டால் எடுங்கோ."

சச்சிதானந்தன் சபையைத் திரும்பிப் பார்த்தார். ஒரு வழக்கை வென்ற அப்புக்காத்தின் முகம் அவருக்கு.

"பாத்தியளே, வாயில்லை. எனக்குத் தெரியும், அது கலியாணம் முடிச்ச ஆளாத்தான் இருக்கும். எங்கயோ ஒரு வீட்டில ஒரு பாவப்பட்ட சீவன் ஒண்டும் தெரியாமல் குந்திக்கொண்டிருக்குது. அதை நினைக்கத்தான் எனக்குக் கவலை."

சொல்லிவிட்டுத் திறப்பை எடுக்கக் கையை நீட்டினார். அங்கே திறப்பு இல்லை.

யோகா எழுந்து போய் அதை எடுத்திருந்தாள். பவளத்தின் கையைப் பிடித்து, உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டாள். பவளம் வேண்டாம் என்பதுபோல மெல்லத் தலையாட்டினாள்.

"யோகா, உமக்கு இதில ஒரு அலுவலும் இல்லை. வந்து இரும்."

அவள் இருக்கவில்லை. வடை எண்ணெய் பட்ட விரல்களைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, அவரை நேராகப் பார்த்தாள்.

"இஞ்சாருங்கோ, படம் பிடிச்சது நான்."