மச்சான் பேரில் ஓடிய வண்டி

"பேஷண்டோட சம்சாரம் யாரு? ஆபரேஷனுக்கு முன்னாடி ஒருத்தர் பார்த்துட்டு வரலாம்."

அவசர சிகிச்சைப் பிரிவின் கதவைப் பாதி திறந்து பிடித்துக்கொண்டு நர்ஸ் கேட்டாள்.

வெளியே பெஞ்சில் அண்ணியோடு உட்கார்ந்திருந்த அவள் எழுந்துவிட்டாள். இத்தனை வருஷம் குடும்பம் நடத்திய கால், யாரைக் கேட்டு எழும்?

அண்ணி அவள் தோளை அழுத்தி உட்காரவைத்தாள். நான்தான் என்று நர்ஸிடம் சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போனாள்.

உள்ளே கிடப்பது இவளுடைய புருஷன். ஆனால் கட்டிலில் தொங்குகிற அட்டையில் இருப்பது இவள் அண்ணன் பெயர். அப்படிப் பார்த்தால் அண்ணிதான் சம்சாரம். இவள் தங்கச்சி.

எல்லாம் அந்தப் பாழாய்ப்போன போனால் வந்த வினை.

வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை அவருக்கு. போன வருஷம் காய்ச்சலில் நாலு நாள் படுத்தார். கம்பெனி அவருடைய கணக்கை முடக்கிவிட்டது. ஏன் என்று கேட்க ஓர் ஆள் இல்லை, போய் நிற்க ஓர் ஆபீஸ் இல்லை. போனுக்குள் ஒரு பொம்மை மட்டும் வருந்துகிறோம் என்று சொல்லிச் சிரித்தது.

அதற்கப்புறம் மச்சான் பெயரில் கணக்கு திறந்து ஓட்டினார். தினமும் காலையில் போன் முகத்தைக் காட்டச் சொல்லும். அண்ணன் வாயில் பிரஷ்ஷோடு வந்து நிற்பான், அதை எடுத்துவிட்டு முகத்தைக் காட்டுவான், பிறகு தன் மெக்கானிக் ஷெட்டுக்குக் கிளம்புவான். முகம் அவனுடையது, முதுகு இவருடையது. மச்சான் மூஞ்சிக்குத்தான் மவுசு என்று இவரும் சிரித்துக்கொண்டே வண்டியை எடுப்பார்.

கம்பெனிக்காரன் இவர்களை வேலையாள் என்று சொல்வதில்லை. பங்காளி என்கிறான். பங்காளி லட்சணம் நமக்குத் தெரியாதா? லாபத்துக்கு முன்னால் வந்து நிற்பான், ஆஸ்பத்திரிக்கு எட்டிக்கூடப் பார்க்கமாட்டான்.

லீவு கிடையாது, சேமநிதி கிடையாது. ஒரே ஒரு விபத்துக் காப்பீடு உண்டு. அதுவும் கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு மட்டும், பையில் ஆர்டர் இருக்கும்போது அடிபட்டால் மட்டும்.

இன்று மத்தியானம் லாரி இடித்தபோது பையில் யாருக்கோ கொண்டுபோன சாப்பாடு இருந்தது. அதைப் போய் அதிர்ஷ்டம் என்று சொல்லவேண்டிய பிழைப்பு.

ஆஸ்பத்திரி வாசலிலேயே அண்ணன் தன் அடையாள அட்டையை அவள் கையில் திணித்தான். என் பேரிலேயே சேர்த்துவிடு, முதலில் உயிரைக் காப்பாற்றுவோம் என்றான். முகத்தில் பாதி கட்டுக்குள் இருந்ததால் யாரும் ஒத்துப்பார்க்கவில்லை. உள்ளே படுத்திருக்கிறவன் வெளியே நடமாடக்கூடாதே! அதனால் அண்ணன் எதிர்ச்சாரியில் டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறான், பாவம்.

அவள் கதவையே பார்த்தாள். ஓடிப்போய்த் திறந்தால் என்ன? நான்தான் பொண்டாட்டி என்று கத்தினால் என்ன?

கத்தலாம். அடுத்த நிமிஷமே பணத்தைக் கட்டு என்பார்கள். ஆபரேஷன் நின்றுபோகும். அண்ணன் கம்பி எண்ணுவான்.

அண்ணி கழற்றிப் போட்டிருந்த செருப்பை எடுத்துச் சேர்த்து வைத்தாள்.

அண்ணி வெளியே வந்தாள். அவரை அண்ணா, அண்ணா என்று வாய் நிறையக் கூப்பிடுகிறவள். இப்போது இவள் முகத்தைப் பார்க்காமலே பேசினாள்.

"முழிப்பு வந்துச்சு. வாயாடி எங்க, வரலையான்னு கேட்டாரு. நர்ஸ் பக்கத்துலயே நின்னா. நான்தாங்க வந்திருக்கேன்னு சொல்லி கையப் புடிச்சேன். அவரு கைய உருவிக்கிட்டாரு."

வாயாடி என்று அவளைக் கூப்பிட உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் உண்டு.

நான் வரவில்லை என்று நினைத்துக்கொண்டாரே, பாவி மனுஷன். இருக்கட்டும். எழுந்து உட்காரட்டும், வாயாடி வாயைக் கட்டிக்கொண்டு கிடந்த கதையைச் சொல்லிச் சொல்லியே அவரைச் சிரிக்கவைக்கலாம். அப்படி நினைத்ததும் கொஞ்சம் மூச்சு வந்தது அவளுக்கு. அண்ணியின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

கதவு திறந்தது. அதே நர்ஸ்.

வீட்டு ஆட்கள் எல்லாரும் உள்ளே வரலாம் என்றாள். மெதுவாக வாருங்கள், இனி ஆபரேஷன் இல்லை, அவசரமும் இல்லை என்றாள்.

அண்ணி அசையவே இல்லை. அவள்தான் அண்ணியைக் கைபிடித்து எழுப்பினாள். முன்னால் போகச் சொல்லிவிட்டு, பின்னால் நடந்தாள்.