மருந்து படாத தட்டு

மருந்து படாத தட்டும் பச்சையாக ஒளிர்ந்தது.

மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்கிய ஆய்வகத்துச் சார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு குனிந்தார். பச்சை போகவில்லை.

பச்சை என்றால் செல் பதறுகிறது என்று அர்த்தம். பதறினால் ஒளிரும்படி அவர்களே ஏற்பாடு செய்து வைத்திருந்தார்கள்.

செல்லுக்குள் புரதம் நூலாகத்தான் பிறக்கும். ஒழுங்காக மடிந்தால்தான் வேலைக்கு ஆகும். துனிகாமைசின் என்கிற மருந்தைத் துளி விட்டால் போதும், மடிப்பு குலைந்துவிடும். மடியாத சரக்கு உள்ளே குவியக் குவிய, செல் முதலில் சமாளித்துப் பார்க்கும். முடியாமல் போனால் தன்னைத்தானே முடித்துக்கொள்ளும்.

மருந்து விட்ட தட்டு பதறட்டும், சோதனையே அதற்குத்தான். சும்மா கிடக்கிற தட்டுக்கு என்ன கேடு வந்தது என்று சார் கேட்டார்.

கேள்வி பக்கத்தில் நின்றவளுக்கு. அந்தச் செல்களை வளர்த்தவள் அவள்தான்.

அவை அவள் கணவருடையவை. அதில் ஒளிவுமறைவு கிடையாது, ஆய்வகத்தில் எல்லோருக்கும் தெரியும். நரம்பில் புரதம் மடியாமல் தேங்குகிற நோய் அவருக்கு. ஒரு துணுக்குத் தோல் கொடுங்கள் என்று அவள் கேட்டபோது, உயிரோடு உரிக்கப் பார்க்கிறாயா என்றார். இங்கே தராசில் மருந்து நிறுத்துக் கொடுக்கிற அக்கா வீட்டுக்கு வந்து பேசித்தான் சம்மதிக்க வைத்தாள்.

அடுத்த மாதமே போய்விட்டார். ஆயிற்று, மூன்று வருடம்.

நைட்ரஜன் தொட்டியில் உறைந்திருந்த கடைசிக் குப்பி, போன வாரம் இந்த இரண்டு தட்டுகளாகிவிட்டது. இனி உருக்கி எடுக்க அவர் எங்கும் இல்லை.

காலையில் யாரும் வருவதற்கு முன்பே அவள் வந்துவிடுவாள். மருந்து படாத தட்டை வெதுவெதுப்பான இன்குபேட்டரிலிருந்து எடுத்து வைத்துக் கால் மணி நேரம் பார்த்துக்கொண்டிருப்பாள். மின்சாரக் கட்டணம் கட்டியாயிற்று, குழாய் மறுபடி ஒழுகுகிறது என்று இரண்டு வார்த்தை சொல்லுவாள்.

விளிம்பில் எழுதியிருக்கும் எழுத்து வெளியே தெரியும்படிதான் தட்டைத் திரும்ப வைப்பாள். மறுநாள் காலையில் எழுத்து உள்பக்கம் பார்த்திருக்கும்.

முதல் நாள் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு பழகிவிட்டது. உயிரோடு இருந்தபோதே போர்வை ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம் என்று புரண்டு படுக்கிற மனிதர். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

சார் இன்குபேட்டரின் பதிவைத் திறந்தார். கதவு எப்போது திறந்தது என்பதை அந்த இயந்திரமே குறித்து வைக்கும். தினமும் காலை ஆறரைக்கு ஒரு முறை. தினமும் மாலை ஐந்தே முக்காலுக்கு ஒரு முறை. இரண்டு வேளையும், கால் மணி கழித்துத் திரும்ப வைப்பதற்காக இன்னொரு முறை.

ஒரு வேளை வெளியே எடுத்தால் தாங்கியிருக்கும், வெதுவெதுப்பில் இருக்கிறதை இரண்டு வேளை குளிரில் வைத்தால் எது தாங்கும் என்றார்.

தட்டின் ஓரத்து நான்கு குழிகளில் இன்னும் பச்சை ஏறவில்லை. எடுத்தது யார் என்று தெரிந்தால் நிறுத்திவிடலாம், அந்த நாலிலிருந்து மறுபடி வளர்த்துக்கொள்ளலாம். தெரியாவிட்டால் இயந்திரக் கோளாறு என்றுதான் எழுத வேண்டும். எழுதினால் உள்ளே இருக்கிற எதையும் நம்ப முடியாது. இரண்டு தட்டும் மத்தியானத்துக்குள் அழிப்பதற்காக நீராவி அடுப்புக்குப் போகும்.

காலையில் நான்தான் சார் என்று அவள் உடனே ஒப்புக்கொண்டாள். அதை அவர் முன்பே ஊகித்திருந்தார். மாலையில் யார் என்றார். அதுவும் நான்தான் என்றாள்.

நாலரைக்கே அட்டையைத் தேய்த்துவிட்டு வெளியே போனவள் ஐந்தே முக்காலுக்குச் சுவரேறிக் குதித்தாயா என்று கேட்டார். தானாகத் திறந்து மூட இது என்ன பேய் பங்களாவா என்றார்.

அவள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தோன்றியதைச் சாரிடம் சொல்ல முடியாது. சொன்னால் விடுப்பு எடுத்துக்கொண்டு போய் நன்றாகத் தூங்கு என்பார்.

 சார் அலமாரியிலிருந்து கழிவு போடுகிற சிவப்புப் பையை உருவி வாயைப் பிரித்தார்.

தராசின் முன்னால் உட்கார்ந்திருந்த அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"சாயங்காலம் நான்தான் சார்."

மருந்து நிறுக்கிறவளுக்கு அங்கே என்ன வேலை என்று சார் கேட்டார்.  அக்கா கையுறையை ஒவ்வொரு விரலாக உருவிக்கொண்டு அவள் பக்கம் திரும்பினாள்.

"காலைல நீ வருவேன்னு தெரியும். அதான் நான், எப்பவும் போல, சாயங்காலம்."

சாருக்குப் பாரம் இறங்கியது. இயந்திரத்தில் பழுது இல்லை, அது போதும் அவருக்கு. பதிவேட்டில் இரண்டு பேர் பெயரையும் அடுத்தடுத்து எழுதினார். நாலு குழி பிழைத்துக்கொள்ளும், கவலைப்படாதே என்று அவளிடம் சொல்லிவிட்டு, தட்டை உள்ளே வைத்துக் கதவை அழுத்திச் சாத்தினார்.

அவள் கணவருக்கு அலுவலகம் ஐந்து மணிக்கு விடும். வீட்டுக்கு வர எட்டாகும். பஸ்ஸே வரவில்லை என்பார்.

பன்னிரண்டு வருடம் அவள் அந்த பஸ்ஸைத் திட்டியிருக்கிறாள்.