ஐம்பத்தைந்துக்குக் கீழே

“ஐம்பத்தஞ்சு வயசு ஆகாதவங்க இங்க தங்கக் கூடாதும்மா. நாளைக்கே கிளம்பிடு.”

முதியோர் குடியிருப்பின் செயலாளர் வாசலில் நின்றபடி கறாராகச் சொன்னார். தலை முழுக்க நரை, குரல் முழுக்க அதிகாரம்.

“அம்மாவுக்கு இடுப்பு ஆபரேஷன் ஆகியிருக்கு ஐயா. பாத்ரூமுக்குக்கூட நான்தான் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறேன். அவங்க எழுந்து நடக்கிற வரைக்கும்...” மகள் கெஞ்சினாள்.

“விதின்னா விதிதான். சின்ன வயசுக்காரங்க வந்தாலே கூத்தும் கும்மாளமும்தான். எங்களை மாதிரி வயசானவங்களுக்கு நிம்மதி வேண்டாமா?”

கட்டிலில் படுத்திருந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவளை நலம் விசாரிக்க வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்த செயலாளரின் மனைவி விருட்டென்று எழுந்து வாசலுக்கு வந்தாள்.

“விதியில பாதியை ஏங்க முழுங்குறீங்க? வீட்டுல ஒருத்தருக்கு ஐம்பத்தஞ்சு ஆகியிருந்தா, கூட ஒரு சொந்தம் எந்த வயசுலயும் இருக்கலாம்னு அடுத்த வரியிலயே இருக்கே!”

“அது... புருஷன் பொண்டாட்டிக்காகப் போட்டது.”

“சொந்தம்னுதான் போட்டிருக்கு. அது கிடையாதுன்னா, நாளைக்கு இவளோட சேர்ந்து நீங்களும் பெட்டியைத் தூக்குங்க. ஐம்பத்தெட்டு எனக்குத்தான். உங்களுக்கு இன்னும் ஐம்பதே முடியலை!”

கட்டிலில் இருந்த அம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“நீ இரும்மா. அம்மா நல்லா நடக்கட்டும்” என்று முனகிய செயலாளர், மனைவி மறுபடி வாயைத் திறப்பதற்குள் நடையைக் கட்டினார்.