ஐந்தாம் மாடியின் தட்டல்

வாஷிங்டன் ஹைட்ஸில், வீட்டுக்காரர் இஷ்டத்துக்கு வாடகை ஏற்ற முடியாத வீடு கிடைப்பது குதிரைக்கொம்பு. எங்களுக்கு ஐந்தாம் மாடியில் ஒன்று கிடைத்தது.

கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் போர்ஃபீரியோ சாவியைக் கொடுத்துவிட்டுச் சிரித்தார். "இந்த வாடகைக்குக் கிடைச்ச வீட்ட யாருப்பா விடுவா? முன்னாடி இருந்த எர்சீலியாம்மா செத்துதான் விட்டாங்க."

குளிர்காலத்தில் இங்கே வெந்நீர்க் குழாய்தான் வீட்டைச் சூடாக்கும். சூடாகாவிட்டால், கரண்டியால் குழாயைத் தட்டுவோம். சத்தம் கீழ்த்தளம்வரை போகும். போர்ஃபீரியோ திட்டிக்கொண்டே அங்குள்ள பாய்லரை மூட்டுவார்.

ஜனவரியில் ஒரு காலை, குழந்தை குளிரில் அழுதான். நானும் என் மனைவி நொயெமியும் படுக்கையறையில் அவனைப் போர்த்திக்கொண்டிருந்தோம். அப்போது ஆளில்லாத சமையலறையில் குழாய் டங் டங்கென்று அதிர்ந்தது. சற்று நேரத்தில் வீடு சூடானது.

போர்ஃபீரியோ மூச்சு வாங்க மேலே வந்தார். "யாரு தட்டுனது? மூணு தட்டு, கொஞ்சம் விட்டு ஒண்ணு. எர்சீலியாம்மா அப்படித்தான் தட்டுவாங்க."

"நாங்க தட்டலையே."

அவர் தொப்பியைக் கழற்றினார். "அப்ப அந்தம்மா இன்னும் வீட்ட விடல."

நொயெமி சமையலறைப் பக்கம் திரும்பினாள். "ரொம்ப நன்றிம்மா. புள்ள இப்பதான் தூங்குறான். அடுத்த தடவ மெதுவா தட்டுங்க, என்ன?"

மறுநாளும் பாய்லர் அணைந்துபோனது. சமையலறையில் மூன்று தட்டு, கொஞ்சம் விட்டு ஒன்று. கரண்டியில் துணி சுற்றித் தட்டியதுபோலக் கேட்டது.