மாற்றி வைத்த கிண்ணம்

மனைவி தன்னைக் கொல்லப் பார்க்கிறாள் என்ற முடிவுக்கு வர அவருக்குக் கொஞ்ச நாள் பிடித்தது. அடுத்தவர் வீட்டு விவகாரமாக இருந்தால் ஒரே மதியத்தில் முடித்திருப்பார்.

அவர் காப்பீட்டு நிறுவனத்தில் விசாரணை அதிகாரி. யார் வீட்டில் யார் செத்தாலும், "இயற்கையா, இல்லை யாராவது உதவி பண்ணாங்களா?" என்று தோண்டுவதுதான் வேலை. சொந்த வீட்டில் மூக்குக் கண்ணாடியைக்கூட மனைவிதான் கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டும். அது வேறு விஷயம்.

முதல் தடவை, மதியம் சாப்பிட்டு எழுந்ததும் உதடு தடித்தது. உடம்பெல்லாம் திட்டுத் திட்டாகச் சிவந்தது. கண்ணாடியில் பார்த்தார். ஏற்கெனவே சுமாரான முகம். இப்போது அதிலும் பாதியைக் காணவில்லை. அடுத்த தடவை, வீட்டில் செய்த கேக்கைத் தின்றதும் மூச்சும் சேர்ந்து திணறியது. மருத்துவமனையில், "என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டதற்கு, "கேள்வி கேக்கறது என் தொழில்" என்று பதில் சொன்னார். ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்த சீட்டை, ஊசிக்குப் பயந்து, பேண்ட் பையிலேயே வைத்துத் துவைக்கப் போட்டுவிட்டார்.

அதற்குப் பிறகுதான் மனைவியின் போக்கு மாறியது.

அவருக்கு மட்டும் தனிப் பாத்திரத்தில் சமைத்தாள். மகள் அதில் கரண்டியை விடப் போனபோது பதறிப்போய்த் தட்டிவிட்டாள். "அது அப்பாவோடது! நீ தொடாதே!"

ருசியும் மாறியிருந்தது. என்னவென்று பிடிபடவில்லை. ஏதோ ஒன்று.

ஒரு நாள் தம்பியிடம் போனில் கிசுகிசுத்தாள். "அவருக்குத் தெரியாமத்தான்டா செய்யறேன். தெரிஞ்சா காரியமே கெட்டுடும்." தம்பி வெளியூரில் தோல் மருத்துவன். மருந்தும் தெரியும், மச்சானையும் பிடிக்காது.

கடைசியாக, காபித்தூள் டப்பாவுக்குப் பின்னால் ஒரு ஊசி கிடைத்தது. மருந்து நிரப்பித் தயாராக இருந்தது.

'என்னைக் கொன்று இவளுக்கு என்ன லாபம்?' என்று யோசித்தார். குறட்டை நிற்கும். அதுவே பெரிய லாபம்தான் என்று அவருக்கே தோன்றியது.

போலீஸுக்குப் போகலாம். ஆனால், ஊரார் பெண்டாட்டிகளையெல்லாம் பிடித்தவர் சொந்தப் பெண்டாட்டியிடம் மாட்டிக்கொண்டார் என்று அலுவலகமே சிரிக்கும். உயிர் போனாலும் போகலாம், மானம் போகக் கூடாது. கையும் களவுமாகப் பிடிக்கத் தீர்மானித்தார்.

ஞாயிற்றுக்கிழமை. மகள் தோழி வீட்டுக்குப் போயிருந்தாள். மேஜையில் இரண்டு கிண்ணம் கோழி சூப். ஒன்று அவருக்கு, ஒன்று மனைவிக்கு. வாசலில் மணி அடித்தது. "இதோ வந்துடறேன்" என்று அவள் எழுந்து போனாள்.

கிண்ணங்களை மாற்றி வைத்தார். அவசரத்தில் கொஞ்சம் மேஜைவிரிப்பில் சிந்தியது. அதன் மேல் கைக்குட்டையைப் போட்டார்.

அவள் திரும்பி வந்தாள். அவர் தைரியமாக நாலு கரண்டி குடித்தார். ருசி பழையபடி அபாரமாக இருந்தது. 'நல்ல சூப்பைத் தனக்கு எடுத்துக்கொள்கிறாள், பாவி!'

அவளும் ஒரு வாய் குடித்தாள். முகம் மாறியது. இன்னொரு வாய். சட்டென்று அவர் கிண்ணத்தை எட்டிப் பார்த்தாள். நாற்காலி பின்னால் சாய, சமையலறைக்கு ஓடினாள்.

'மாட்டினாள்!' என்று சிரிக்கப் போனார். உதடு ஒத்துழைக்கவில்லை. தடித்திருந்தது. தொண்டையை யாரோ உள்ளிருந்து இறுக்கினார்கள்.

அவள் ஊசியோடு ஓடி வந்தாள். வேட்டியோடு சேர்த்துத் தொடையில் ஒரே குத்து. அவர் கத்த நினைத்தார். விசில் மாதிரி ஒரு சத்தம்தான் வந்தது.

கண் தெளிந்தபோது மருத்துவமனைக் கட்டிலில் இருந்தார். பக்கத்தில் மனைவி, எதிரே ஒரு பெண் டாக்டர்.

"டாக்டர், இவ எனக்கு விஷம் வச்சா! நான் கிண்ணத்தை மாத்தினதால தப்பிச்சேன்!"

"மாத்தினதாலதான் சார் மாட்டினீங்க. உங்களுக்கு முந்திரி ஒத்துக்காது. ரெண்டு தடவையும் நீங்க சாப்பிட்டதுல முந்திரி இருந்ததை வச்சு இவங்க தம்பி சொல்லியிருக்கார். அதனாலதான் உங்க சூப்புல மட்டும் அவங்க முந்திரி அரைச்சு விடறதில்லை. அவர் அவசரத்துக்குன்னு அனுப்பின அந்த ஊசி இல்லேன்னா இப்ப நீங்க பேசிட்டிருக்க மாட்டீங்க."

"அம்பது வருஷமா முந்திரி திங்கறேனே?"

"எந்த வயசுலயும் வரலாம். நம்ம ரத்தத்துல ஒரு காவல் படை இருக்கு. கிருமி வந்தா அடிக்கும். உங்க படை முந்திரியையும் கிருமின்னு தப்பா அடையாளம் வச்சுக்கிச்சு. மறுபடி பார்த்ததும் ஹிஸ்டமின் மாதிரி ரசாயனங்களைக் கொட்டுது. வீக்கம், தடிப்பு, மூச்சுத் திணறல் எல்லாம் அதனாலதான். முந்திரி ஒண்ணுமே பண்ணலை. பண்ணினது பூரா உங்க உடம்புதான்."

அவர் மனைவியைப் பார்த்தார். "என்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா, 'உன் தம்பி பெரிய டாக்டரா?'ன்னு ஒரு கைப்பிடி அள்ளி வாயில போட்டுக் காட்டுவீங்க."

போட்டிருப்பார்தான். அவருக்குச் சிரிப்பு வந்தது. "நிரபராதியைப் போட்டு வதைக்கறதை என் ரத்தம் என்கிட்டேயிருந்துதான் கத்துக்கிச்சு போல, டாக்டர். இந்த லட்சணத்துல நான் விசாரணை அதிகாரி!"

டாக்டரும் சிரித்துவிட்டார். மனைவி மட்டும் சிரிக்கவில்லை. போர்வையை அவர் கழுத்துவரை இழுத்துவிட்டு, நிதானமாகக் கேட்டாள்:

"அதெல்லாம் சரிங்க, விஷம்னு நினைச்ச கிண்ணத்தை எதுக்கு என் முன்னாடி வச்சீங்க?"