பேர் வைக்காத ராஜா

வாசலில் மறுபடியும் அந்தச் செருப்பு கிடந்தது. வாரில் சிவப்புச் சாயம் தெறித்த ஆண் செருப்பு. பகல் ஷிப்ட் முடிந்து மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் இருக்கும் தன் வீட்டுக்குத் திரும்பிய பிரம்மநாயகம், அதைப் பார்த்ததுமே காலால் எத்தி ஓரமாகத் தள்ளினார்.

உள்ளே ஒரே சிரிப்பு. சிரித்தது மனைவி பார்வதியம்மாள் அல்ல. அவள் பாட்டுக்கு அடுப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். ஏழு வயது மகள் இசக்கிதான், பக்கத்து வீட்டு வானமாமலையோடு தரையில் உட்கார்ந்து படம் போட்டுக்கொண்டிருந்தாள்.

சினிமாக் கொட்டகைகளுக்குப் போர்டு எழுதுகிறவன் வானமாமலை. "வெறும் மூஞ்சி போட்டா ஆச்சா தாயி? அவன் நல்லவனா, எதுக்குப் பயப்படுவான், எல்லாம் யோசிக்கணும். கடைசியில பேரு வைக்கணும். அப்பத்தான் கதைக்குள்ள ஆளு நடமாடும்" என்றான்.

முன்பெல்லாம் அப்பன் தலை தெரிந்ததும் ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொண்டு கதை கேட்கிற பிள்ளை. இப்போது நிமிர்ந்து பார்ப்பதோடு சரி. பெற்றவன் ஒருத்தன், பிள்ளை கொண்டாடுவது இன்னொருத்தனையா?

போன மாதம் ரேஷன் கார்டு எழுத வந்தவன் வீட்டுக்காரர் பெயரைக் கேட்டபோதுகூட, பார்வதியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்ள, இந்த வானமாமலைதான் முந்திக்கொண்டு சொன்னானாம். "மாமாதான் சொன்னாக" என்று இசக்கி அதையும் பெருமையாக வந்து ஒப்பித்தாள். எதற்கெடுத்தாலும் மாமாதான்.

வானமாமலை எழுந்தான். "ஏக்தம் கெட்டிக்காரி அண்ணாச்சி உங்க மக. ராசாவுக்கு மட்டும் பேரு வைக்க மாட்டேங்கா. நீங்க கேட்டுப் பாருங்க."

அவன் செருப்புச் சத்தம் மறைந்ததும் பிரம்மநாயகம் காகிதங்களைக் கையில் எடுத்தார். "இது யாருட்டி?"

"கழுதை. பேரு முத்தன்."

"இது?"

"சூனியக்காரி காத்தாயி."

நடுவில் எல்லோரையும்விடப் பெரிதாக ராஜா நின்றான். கிரீடம் முழுக்க அந்தச் செருப்பில் தெறித்திருந்த அதே சிவப்பு. "இவரு?"

"இவுகதான் எல்லாரையும் காப்பாத்துவாக. இவுக மாதிரி ஆளே கிடையாது."

"பேரு?"

இசக்கி அடுப்படியை ஒரு தரம் பார்த்தாள். பிறகு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

யார் பெயர் என்று பிரம்மநாயகத்துக்கா தெரியாது? அப்பன் மனசு நோகும் என்றுதான் மறைக்கிறாள். ஏழு வயதுப் பிள்ளை தன்மேல் இரக்கப்படுவதைத்தான் அவரால் தாங்கவே முடியவில்லை.

"நாளையிலேருந்து அந்த ஆளு இந்த வாசப்படி மிதிக்கக் கூடாது. உனக்குப் படமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்" என்று காகிதத்தைக் கிழிக்கப் போனார்.

இசக்கி அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"கிழிக்காதீங்கப்பா. அந்தப் பேர அம்மையே சொல்ல மாட்டா, நான் எப்படிச் சொல்லுவேன்?"