நடை பாக்கி

"சாமியாரோட நடையை நான் இன்னும் சரியாப் பார்க்கலையே!" என்றார் அப்பா, சட்டைக் காலருக்கு மறுபடியும் இஸ்திரி போட்டுக்கொண்டே.

"ஓட்டத்தைப் பார்த்தாச்சு, பாய்ச்சலைப் பார்த்தாச்சு, பல்லைக்கூட எண்ணியாச்சு. மாப்பிள்ளை பார்க்கிறதுக்கு ஒரு அளவு வேண்டாமாப்பா?" வண்டிச் சாவியை விரலில் சுழற்றியபடி மகள் கேட்டாள். அவள் கால்நடை மருத்துவர்.

சாமியார் என்பது ஆண் குதிரை. இசைக்குத் தகுந்தபடி அடியெடுத்து வைக்கும் டிரெஸ்ஸாஜ் போட்டிகளில் பரிசுகளை அள்ளியவன். பக்கத்தில் இடி விழுந்தாலும் காதை ஆட்டமாட்டான். அதனால் அந்தப் பெயர்.

அப்பாவின் பெண் குதிரை பட்டாசு. அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம். ஓடவிட்டால் கண்ணை எடுக்க முடியாது, ஆனால் நில் என்றால் நிற்கமாட்டாள். நடுவருக்கு வணக்கம் வைக்கும் நேரத்தில்கூட ஒரு காலால் தரையைத் தட்டி மார்க்கைக் கோட்டை விடுவாள். வயதும் ஏறிவிட்டது. குட்டி போட இதுதான் கடைசிப் பருவம் என்று மகள் கறாராகச் சொல்லியிருந்தாள். பட்டாசின் கால்களும் சாமியாரின் பொறுமையும் சேர்ந்து ஒரு குட்டி பிறக்க வேண்டும் என்பது அப்பாவின் நீண்ட நாள் ஆசை.

அப்பா டிரெஸ்ஸாஜ் நடுவராக இருந்து ஓய்வு பெற்றவர். எதைப் பார்த்தாலும் பத்துக்கு இத்தனை என்று மார்க் போடாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. மகள் போடும் டீக்கு ஆறு. அவள் வண்டி ஓட்டுவதற்கு நாலரை.

"இன்னைக்கு முடிவு சொல்லிடணும்பா. வேணும், வேண்டாம், ரெண்டுல ஒண்ணு."

அப்பா வண்டியின் பின்சீட்டில் கிடந்த நீல ஐஸ் பெட்டியைத் தள்ளிவிட்டுத் தொப்பியை வைத்தார். வேணும் என்றால் வந்த வேலை முடிந்தது. வேண்டாம் என்றாலும் முடிந்தது. அப்புறம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைதோறும் அங்கே போய் நிற்பது? மனைவி போன பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்ததே சாமியாரின் சொந்தக்காரம்மாவிடம் பேசும்போதுதான். அந்தம்மாவும் தனி ஆள். பெற்ற மகளிடம் இதை எப்படிச் சொல்வது?

லாயத்தின் வாசலில் ரப்பர் பூட்ஸும், தலையில் ஒட்டிய வைக்கோலுமாகச் சொந்தக்காரம்மா காத்திருந்தார்.

"வாங்க சார்! ஆனா பாருங்க, சாமியாருக்குப் பின்னங்கால்ல லேசா வீக்கம். இன்னைக்கு நடக்கவச்சுக் காட்ட முடியாது போலிருக்கு. அடுத்த ஞாயிறு வச்சுக்கலாமா?"

"அவசரமே இல்லை மேடம்! வாயில்லாத ஜீவன், பாவம்" என்ற அப்பாவின் முகத்தில் பல்பு எரிந்தது. மகளுக்கு இருமல் வந்தது.

உள்ளே டீ வந்தது. ஜன்னலோரம் அப்பாவின் முதுகுவலிக்காகவே ஒரு மெத்தை போட்ட நாற்காலி வந்திருந்தது.

"டீக்கு மார்க் போடுங்க சார்."

"ஒன்பது."

"மிச்சம் ஒண்ணு எங்கே போச்சு?"

"அதை அடுத்த வாரம் வந்து போடறேன்."

அந்தம்மா சிரித்தார். அப்பாவும் சிரித்துக்கொண்டே தற்செயலாக ஜன்னலைப் பார்த்தார். வெளியே புல்வெளியில் சாமியார் வாலைத் தூக்கிக்கொண்டு நாலுகால் பாய்ச்சலில் போய்க்கொண்டிருந்தான். வீக்கமாவது ஒன்றாவது! அந்தம்மா பார்த்துவிட்டால் இப்போதே பிடித்து வந்து நடத்திக் காட்டிவிடுவாரே! அப்பா அவசரமாக நாற்காலியை இழுத்து ஜன்னலை மறைத்து உட்கார்ந்தார்.

திரும்பும்போது பாதி வழியில் அப்பாவுக்கு மனசு உறுத்தியது.

"பட்டாசு இப்பல்லாம் ஆண் குதிரை எதிர்ல வந்தாக்கூடத் திரும்பிப் பார்க்கிறதில்லை. பருவம் முடிஞ்சு போச்சு, இல்லையாம்மா?"

மகள் வேகத்தைக் குறைத்தாள்.

"தப்பு என் மேலதான்." அப்பா மகள் பக்கம் திரும்பினார். "நடை பார்க்கணும்னு சொன்னதெல்லாம் சும்மா. எனக்கு அந்தம்மாவோட உட்கார்ந்து பேசணும்னு ஆசை. அதுக்காகப் பட்டாசோட வாழ்க்கையில மண்ணைப் போட்டுட்டேன். இனிமே அங்கே போகவேண்டாம். வேற எங்கேயாவது, யாரையாவது உடனே பாரு."

மகள் வண்டியை ஓரம் கட்டினாள்.

"முதல் நாள் திரும்பி வரும்போதே, 'சரியான ஜோடி, ஒன்பதரை'ன்னு நீங்க சொன்னீங்க. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"நீங்க ஒன்பதரை போட்டா அப்புறம் என்னப்பா யோசனை? உங்க நிதானத்துக்குப் பருவம் காத்திருக்காதுன்னு அந்த வாரமே சினை ஊசி போட்டுட்டேன். பட்டாசு இப்போ மாசமா இருக்கா. சாமியாரோட குட்டி."

அப்பாவுக்குக் கண் கலங்கியது. சந்தோஷத்தில் மகளின் கையைப் பிடித்துக்கொண்டார். அடுத்த நொடியே முகம் வாடியது.

"ஐயையோ! அப்போ இத்தனை நாளா நான் வீணா நடையா நடந்திருக்கேன். இது அந்தம்மாவுக்குத் தெரிஞ்சா என்னைப் பத்தி என்ன நினைப்பாங்க?"

"பின்சீட்டுல கிடக்கிற அந்த ஐஸ் பெட்டியில சாமியாரோட விந்தை வச்சுக் கொடுத்ததே அவங்கதானேப்பா! 'இதை மட்டும் அப்பாகிட்ட சொல்லிடாதேம்மா, அப்புறம் ஞாயிற்றுக்கிழமை வரமாட்டார்'னு என் கையைப் பிடிச்சுக் கேட்டுக்கிட்டாங்க."